ஐரோப்பிய இசையில் பெண்கள் – 9: ஃபானி ஹென்செலின் பன்னிரண்டு மாதங்கள்

சென்ற இதழில் ஃபானியை மணக்கோலத்தில் விட்டு வந்தோம். 1829 அக்டோபர் 3, பெர்லின். திருமணத்துக்கு ஆர்கன் இசை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்த தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சன், லண்டனில் வண்டி விபத்தில் காலில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். மணமக்கள் தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது ஒலிக்க வேண்டிய இசை வந்து சேரவில்லை. முந்தைய இரவு மணப்பெண்ணே உட்கார்ந்து அதை எழுதி முடித்தார். மறுநாள் அந்த இசையோடுதான் ஃபானி மெண்டல்சன் ஃபானி ஹென்செல் ஆனார்.

மாப்பிள்ளை வில்ஹெல்ம் ஹென்செல், பிரஷ்ய அரசவையின் ஓவியர். இசையில் பயிற்சி இல்லாதவர். ஆனாலும் மனைவி எழுத வேண்டும், எழுதியதை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

தந்தை ஆபிரகாம் 1820இல் எழுதிய கடிதத்தை ஏற்கெனவே பார்த்தோம். இசை ஃபெலிக்ஸுக்குத் தொழிலாகலாம், ஃபானிக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எழுதிய கடிதம். ஃபானியைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். அந்த வரியின் பாரம் வாழ்நாள் முழுவதும் அவர்மேல் இருந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், 450க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதிய ஒருவர் ‘தடுக்கப்பட்ட அக்கா’வாகவே நம் நினைவில் தங்கிப்போவார். அது அவருக்குச் செய்கிற இரண்டாவது அநீதி. அவர் என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். அதற்கு அவருடைய இசைத்தாள்கள் மட்டும் போதாது. அவர் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் வேண்டும். மணமான 1829ஆம் ஆண்டில் தொடங்கிய நாட்குறிப்பை, இடையிடையே நீண்ட இடைவெளிகள் விழுந்தாலும், இறக்கும் 1847 வரை அவர் கைவிடவில்லை.

முதலில் அந்த வீடு. லைப்சிகர் தெரு, எண் 3. மெண்டல்சன் குடும்பம் 1825இல் வாங்கிய பெரிய மாளிகை. முன்கட்டில் பெற்றோர், முற்றத்தைத் தாண்டிப் பின்னால் தோட்டத்தைப் பார்த்த தனி வீட்டில் ஃபானியும் வில்ஹெல்மும். அதன் நடுவே ஒரு மண்டபம், தோட்டத்தின் பக்கம் திறந்துகொள்ளும். நெருக்கி உட்கார்ந்தால் 200 பேருக்கு இடம் இருக்கும். குளிர்காலத்தில் ஈரமும் குளிரும் தாங்காது. கோடையில் பெர்லின் நகரத்துக்குள் அப்படி ஓர் இடம் கிடையாது என்று வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று அந்த மாளிகை இல்லை. அதே மனையில் பின்னர் எழுந்த கட்டடத்தில்தான் இப்போது ஜெர்மனியின் மாநிலங்களவை கூடுகிறது.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது, அவர்களுக்குப் பயிற்சியாகட்டும் என்று ஆபிரகாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இசைக்கலைஞர்களை வீட்டுக்கு வரவழைப்பது வழக்கம். ஃபெலிக்ஸ் ஊர் சுற்றப் புறப்பட்ட பிறகு அது நின்றுபோனது. 1831இல் ஃபானி அதை மீண்டும் தொடங்கினார். இந்த முறை பொறுப்பு முழுவதும் அவருடையது. என்ன இசைப்பது என்று தீர்மானிப்பவர் அவர். சேர்ந்திசைக் குழுவைத் திரட்டி வீட்டிலேயே ஒத்திகை நடத்துபவர் அவர். பியானோவில் உட்கார்ந்து எல்லோரையும் நடத்திச் செல்பவரும் அவர். பாக், குளுக், மோட்ஸார்ட், பீத்தோவன், தம்பியின் புதிய படைப்புகள் எல்லாம் அங்கே ஒலித்தன. பாக்கின் இசையைப் பலர் பழம்பொருளாக ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. 1829 மார்ச்சில் ஃபெலிக்ஸ் ‘மத்தேயு பாடுகள்’ இசையை மீட்டெடுத்து நடத்தியபோது பாடகர் வரிசையில் நின்று பாடிய ஃபானி, பாக்கைத் தன் மண்டபத்திலும் தொடர்ந்து ஒலிக்கச் செய்தார். பதின்மூன்று வயதிலேயே பாக்கின் 24 முன்னிசைகளைத் தாள் பார்க்காமல் வாசித்துக் காட்டியவர் அல்லவா!

நுழைவுச்சீட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, பத்திரிகை விமர்சனமும் கிடையாது. அழைப்பு இருந்தால் வரலாம். ஆனாலும் பெர்லின் வழியாகப் போகிற இசைக்கலைஞர்கள் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். லிஸ்ட் வந்திருக்கிறார். வில்ஹெல்ம் ஒரு மூலையில் உட்கார்ந்து வந்தவர்களையெல்லாம் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பார். அப்படி அவர் வரைந்த முகங்கள் ஆயிரத்தைத் தாண்டும். அந்தக் காலத்து ஐரோப்பாவின் முகவரிப் புத்தகம் என்றே அந்தத் தொகுப்பைச் சொல்லலாம்.

இதை ‘வீட்டுக் கச்சேரி’ என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆண் இதே மண்டபத்தை இத்தனை ஆண்டுகள் இப்படி நடத்தியிருந்தால், பெர்லினின் இசை நிறுவனங்களில் ஒன்றாக அதை வரலாறு குறித்திருக்கும். பொதுமேடை என்று பார்த்தால், 1838இல் ஏழைகளுக்கு நிதி திரட்டும் ஒரு நிகழ்ச்சியில் ஃபெலிக்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். கட்டணம் கொடுத்து வந்த கூட்டத்தின் முன் அவர் வாசித்ததாக நாம் அறிவது அந்த ஒரு முறைதான். நல்ல காரியத்துக்கு என்றால் உயர்குடிப் பெண்கள் மேடை ஏறலாம் என்ற விதிவிலக்கின் மறைவில் நடந்தது அது.

அச்சு வேறு கதை. ஃபெலிக்ஸின் படைப்பு எண் 8, 9 கொண்ட பாடல் தொகுப்புகளில் மும்மூன்று பாடல்கள் ஃபானி எழுதியவை. அவை தம்பியின் பெயரில்தான் வெளிவந்தன. 1842இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா மகாராணி, தனக்குப் பிடித்தது என்று ஃபெலிக்ஸின் முன் பாடிக்காட்டிய ‘இத்தாலி’ என்ற பாடல் அவற்றுள் ஒன்று. அது அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் அங்கேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒப்புக்கொள்ளக் கடினமாக இருந்தது என்று அவரே வீட்டுக்கு எழுதினார்.

தாய் லெயாவின் பங்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1837இல், ஃபானி தன் படைப்புகளை வெளியிட ஊக்கம் கொடு என்று மகனுக்கு எழுதியவர் அவர். ஃபெலிக்ஸின் பதில் மறுப்பாக வந்தது. அக்காவே முடிவெடுத்து வெளியிட்டால் தன்னால் ஆன உதவி செய்வதாகச் சொன்னார். தூண்டிவிட மட்டும் மாட்டாராம். வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு அந்த நாட்டம் இல்லை, வேண்டியதும் இல்லை என்பது அவர் வாதம். அதே ஃபெலிக்ஸ், தான் எழுதிய ஒவ்வொன்றையும் அக்காவின் காதுக்குக் கொண்டுபோய்த்தான் திருத்திக்கொண்டார். இந்த இரண்டு ஃபெலிக்ஸும் ஒருவரே. இருவரில் ஒருவரை மறைத்தால் அக்கா தம்பி உறவே நமக்குப் புரியாமல் போய்விடும்.

1839 ஆகஸ்டு இறுதியில் ஹென்செல் தம்பதியர் ஒன்பது வயது மகன் செபாஸ்டியனோடு இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். ஃபெலிக்ஸ் இளமையிலேயே ஐரோப்பாவைச் சுற்றி வந்துவிட்டார். ஃபானிக்கு முப்பத்துமூன்று வயதில்தான் வாய்த்தது. மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ் என்று போய், நவம்பர் இறுதியில் ரோம் நகரில் தங்கி, அடுத்த கோடை தொடங்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.

ரோமில் பிரெஞ்சு அரசு தன் இளம் கலைஞர்களைப் பரிசு கொடுத்து அனுப்பித் தங்கவைக்கும் இடம் வில்லா மெடிசி. அப்போது அதன் தலைவர் ஓவியர் ஆங்க்ர், வயலினும் வாசிப்பவர். அங்கே இருந்த இளைஞர்களில் இருபத்தொரு வயது சார்ல் குனோவும் ஒருவர். பின்னாளில் ‘ஃபாவுஸ்ட்’ என்ற ஓபராவை எழுதப்போகிறவர். மாலைகளில் இவர்கள் கூடுவார்கள்; ஃபானி பியானோவில் உட்காருவார். பாக், பீத்தோவன் என்று ஒன்றை முடித்தால் அடுத்தது வேண்டும் என்பார்கள். எதற்கும் தாள் தேவைப்படவில்லை. முதுமையில் குனோ எழுதிய நினைவுக் குறிப்புகளில், தனக்குத் தெரியாதிருந்த ஜெர்மன் இசை உலகத்தைக் காட்டியவர் என்று ஃபானியை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

ரோமிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் வேறொரு ஃபானியைப் பார்க்கிறோம். கார்னிவல் நாட்களில் தெருவில் இறங்கி மிட்டாய் எறிந்து விளையாடியதைத் தானே நம்ப முடியாமல் எழுதுகிறார். பெர்லினில் அவர் இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள், இன்னாரின் அக்கா. ரோமில் தன் இசைக்காக மட்டும் மதிக்கப்பட்டார். அந்தக் கடிதங்களின் மகிழ்ச்சிக்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1840 செப்டம்பரில் பெர்லின் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஃபானி ஒரு வேலையைத் தொடங்கினார்: பியானோவுக்குப் பன்னிரண்டு துண்டுகள், ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒன்று, முடிவில் ஒரு பின்னிசை. தொகுப்பின் பெயர் ‘ஆண்டு’. முழுவதும் வாசிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாய்கோவ்ஸ்கியின் ‘பருவங்கள்’ என்ற புகழ்பெற்ற பன்னிரண்டு மாதத் தொகுப்பு வருவதற்கு இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன.

மாதங்களை வரிசையாக வாசித்துக்கொண்டு போனால், இது இயற்கைக் காட்சிகளின் வரிசை என்று முதலில் தோன்றும். நாட்குறிப்பையும் கடிதங்களையும் அருகில் வைத்துக்கொண்டால், அவர் வாழ்ந்த ஓர் ஆண்டின் பதிவு இது என்று தெரியவரும். ஜனவரி ஒரு கனவு. முழுமையான மெட்டு எதுவும் இல்லாமல், பின்னால் வரப்போகிற மாதங்களின் சிறு சிறு துணுக்குகள் எட்டிப்பார்த்து மறைகின்றன. ஆண்டு முடிந்தபின் அதை நினைத்துப் பார்ப்பவர்தான் ஜனவரியை இப்படி எழுத முடியும். பிப்ரவரி, துள்ளி ஓடும் ஸ்கெர்ட்ஸோ, ரோமின் கார்னிவல். மார்ச்சில் மணியோசை எழும்பி, அதன் நடுவிலிருந்து உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைப் பாடும் பழைய ஜெர்மன் ஈஸ்டர் கீதம் வருகிறது. முதலில் எளிமையாக, பிறகு மேலும் மேலும் ஒலி கூடி. ஜூன் ஓர் இரவுப் பாட்டு.

செப்டம்பரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ‘ஆற்றங்கரையில்’ என்பது அதன் தலைப்பு. மேலே வலக்கை இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழே ஆழமான சுரங்கள். மெட்டு இரண்டுக்கும் நடுவில், கட்டைவிரல் தொடும் இடத்தில் இருக்கிறது. வாசிப்பவருக்கு இதில்தான் சோதனை: தண்ணீரின் சலசலப்பு மெட்டை மூழ்கடிக்கக் கூடாது, மெட்டு தண்ணீரை நிறுத்திவிடவும் கூடாது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி எடை தேவைப்படும் எழுத்து இது. பொழுதுபோக்காகப் பியானோ பழகியவர் இதை எழுதியிருக்க முடியாது, வாசிக்கவும் முடியாது. பெண்களின் பியானோ இசை வரவேற்பறைக்கு உரியது என்று சொல்லிப் பழகியவர்கள் இந்த ஒரு துண்டை வாசித்துப் பார்த்திருந்தால் போதும்.

டிசம்பரில் விரல்கள் பனிப்புயலாக விரைகின்றன. பிறகு அந்தச் சுழற்சி அடங்கி, வானுலகிலிருந்து நற்செய்தி கொண்டுவரும் லூதரின் கிறிஸ்துமஸ் கீதம் வருகிறது. பலர் இங்கே முடித்திருப்பார்கள். ஃபானி ஒரு பின்னிசையைச் சேர்த்தார்: கடந்துபோன ஆண்டைப் பாடும் ஒரு கீதம், பாக் கையாண்ட அதே கீதம். கொண்டாட்டம் ஏதும் இல்லாமல், தாழ்ந்த குரலில் நின்றுவிடுகிறது.

பிறகு அதை அழகான பிரதியாக எழுதினார். மாதத்துக்கு ஒரு நிறத் தாள். ஒவ்வொன்றின் தலையிலும் கெதெ, ஐஷன்டார்ஃப் போன்ற கவிஞர்களின் சில வரிகள். ஓரத்தில் வில்ஹெல்ம் வரைந்த சிறு ஓவியம். இசை, கவிதை, ஓவியம் மூன்றும் ஒரே தாளில். மனைவியும் கணவரும் சேர்ந்து செய்த இந்தப் பிரதி குடும்பத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. ‘ஆண்டு’ முழுமையாக அச்சில் வந்தது 1989இல். நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு.

1842 டிசம்பரில் லெயா காலமானார். மாளிகையின் பொறுப்பும் ஃபானியிடம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளை விரைவாகக் கடந்து 1846க்கு வருவோம்.

அந்த ஆண்டு மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கூடின. இசையில் நல்ல செவியும் ராஜதந்திரத் துறையில் எதிர்காலமும் கொண்ட ராபர்ட் ஃபான் கொய்டெல் என்ற இளைஞர், ஃபானி எழுதுவதையெல்லாம் கேட்டு ஊக்கப்படுத்தினார். பெர்லினின் இரண்டு பதிப்பகங்கள், போட்டே உண்ட் போக், ஷ்லெசிங்கர், தாமாகவே தேடி வந்தன. ஃபானிக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. ஜூலையில் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். பதினான்கு வயதில் அப்பாவுக்குப் பயந்ததுபோல் நாற்பது வயதில் தம்பிகளுக்குப் பயப்படுகிறேன் என்று அதில் சொல்கிறார். ஆனால் அனுமதி கேட்கவில்லை. வெளியிடப்போகிறேன் என்று தெரிவிக்கிறார். அந்த வேறுபாடு முக்கியம். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 12 தேதியிட்டு ஃபெலிக்ஸின் பதில் வந்தது: இந்தத் தொழிலுக்குள் வருகிறவருக்கு ஒரு சகதொழிலாளியின் ஆசி. அவர் உள்ளூர முழு மனதோடு இல்லை என்பது தனக்குத் தெரியும், ஆனாலும் நல்வார்த்தை சொன்னதில் மகிழ்ச்சி என்று ஃபானி நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

முதல் படைப்பு என்ற எண்ணோடு ஆறு பாடல்கள். அடுத்து பியானோவுக்கு நான்கு ‘பாடல்கள்’, சொற்கள் இல்லாதவை. அவற்றுள் ஒன்று அந்தச் செப்டம்பர். தொடர்ந்து தோட்டப் பாடல்கள், மேலும் பியானோத் தொகுப்புகள். அட்டையில் ஃபானி ஹென்செல், பிறந்த குடும்பம் மெண்டல்சன் பார்த்தோல்டி என்று அச்சிட்டிருந்தது. 1847 ஏப்ரல் 11, தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளுக்குப் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் எழுதிய டி மைனர் ட்ரியோவை மண்டபத்தில் வாசித்தார். அவர் எழுதிய அறையிசையில் மிகப் பெரியதும், என் கணிப்பில் மிகச் சிறந்ததும் அதுதான்.

மே 14, வெள்ளிக்கிழமை. ஞாயிறு கச்சேரிக்காக ஃபெலிக்ஸின் ‘முதல் வால்புர்கிஸ் இரவு’ ஒத்திகை. பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஃபானியின் கைகள் மரத்துப்போயின. மூளையில் ரத்தக்கசிவு. அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 41. முந்தைய நாள்தான் மலையேறும் மகிழ்ச்சியைப் பாடும் ஒரு பாடலை எழுதி முடித்திருந்தார். செய்தி கேட்டு நிலைகுலைந்த ஃபெலிக்ஸ் அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தில் எஃப் மைனர் நால்வரிசையை எழுதினார்; அவர் எழுதியவற்றில் வேறெதிலும் இத்தனை சீற்றமும் துயரும் இல்லை. நவம்பர் 4ஆம் தேதி அவரும் இறந்தார். பெர்லினில் அக்காவின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

அச்சில் வந்தவை சிறு பகுதி. மற்றவை வீட்டுப் பெட்டிகளில் தங்கின. மகன் செபாஸ்டியன் 1879இல் ‘மெண்டல்சன் குடும்பம்’ என்ற நூலில் அம்மாவின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் பகுதி பகுதியாக வெளியிட்டார். நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. கடிதம் எழுதும் ஃபானியை உலகம் அறிந்தது, இசை எழுதும் ஃபானியை அறியவில்லை. கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி இன்று பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. நாட்குறிப்புகள் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டது 2002இல்.

கடைசியில் அந்த எழுத்துதான் இசையை மீட்டுக் கொடுத்தது. 1829 ஏப்ரல் நாட்குறிப்பில் தன்னுடைய ‘ஈஸ்டர் சொனாட்டா’வைப் பற்றி ஃபானி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அந்தப் படைப்பு எங்கும் இல்லை; தொலைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1970இல் பாரிஸில் ‘ஈஸ்டர் சொனாட்டா’ என்ற கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. உறையில் எஃப். மெண்டல்சன் என்று இருந்தது. எஃப் என்றால் ஃபெலிக்ஸ் என்று முடிவுகட்டி, 1972இல் அவர் பெயரிலேயே இசைத்தட்டும் வெளியிட்டார்கள். நாட்குறிப்பின் அந்த வரியை அறிந்தவர்கள் சிலர் அப்போதே சந்தேகித்தார்கள். ஆனால் மூலப்பிரதி பார்வைக்குக் கிடைக்கவில்லை. 2010இல் ஏஞ்செலா மேஸ் கிறிஸ்டியன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரான்சில் அதை நேரில் பார்த்தார். கையெழுத்து ஃபானியுடையது. பக்க எண்களையும் ஒப்பிட்டார்: பெர்லினில் இருக்கும் ஃபானியின் இசைத் தொகுப்பு ஒன்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டுக் காணாமல்போயிருந்த அதே பக்கங்கள். 2012இல் ஃபானியின் பெயரோடு அமெரிக்காவில் வாசிக்கப்பட்டது. 2017 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, லண்டனில் சோஃபியா குல்யாக் வாசிக்க பிபிசி வானொலி ஒலிபரப்பியது.

எழுதும்போது ஃபானிக்கு வயது 22. நான்கு பகுதிகள்; இரண்டாவதில் பாக்கின் வழியில் ஒரு ஃபியூக். நிறைவுப் பகுதி, சிலுவை மரணத்தின்போது பூமி அதிர்ந்ததை விரல்களில் கொண்டுவருகிறது. ‘ஆண்டு’ தொகுப்பில் வரும் மார்ச்சையும் இதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். இடையில் 13 ஆண்டுகள். இரண்டின் ஒலிப்பதிவுகளும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன.

1847இன் தொடக்கத்தில், ஃபானி இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், பெர்லினுக்கு ஒரு தம்பதி வந்திருந்தார்கள்: ராபர்ட் ஷூமன், க்ளாரா ஷூமன். ஃபானிக்கு ஒரே ஒருமுறை வாய்த்த பொதுமேடையில் க்ளாரா ஒன்பது வயதிலிருந்தே வாழ்ந்துகொண்டிருந்தார், அதில் சம்பாதித்துக் குடும்பத்தையும் தாங்கினார். அவரும் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரு பியானோ ட்ரியோ எழுதி முடித்திருந்தார். இரு பெண்களும் அந்த வாரங்களில் பலமுறை சந்தித்தார்கள். க்ளாராவின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)